எழுதாத ஓரம்

என்னிடம் ஒரு ஓவியம் இருக்கிறது. மழையில் ஒரு மரப் பாலம். பாலத்தின்மேல் குடைக்குள்ளும் பாய்க்கடியிலும் ஒடுங்கி ஓடுகிற சிலர். கீழே ஆற்றில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அதைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும் ஒருவன். அக்கரை மழைக்குள் கரைந்து நிற்கிறது. ஓவியம் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் ஹிரோஷிகே என்று சொல்லிவிடுவார்கள். 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் 1857இல் வெளிவந்த மரச்செதுக்கு அச்சுப் படம். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள், இல்லை, அதைப் பார்த்து வான்கோ 1887இல் பாரிஸில் தைல வண்ணத்தில் போட்ட பிரதி என்பார்கள். இரண்டும் இல்லை. இது 1986இல் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், காடாத் துணியில் போடப்பட்டது. பிரதியின் பிரதி. போட்டவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டிய காலத்தில் எழுதவில்லை. அப்போது எனக்கு வேறு முக்கியமான வேலைகள் இருந்ததாக நினைவு.

பொன்னேரியில் நான் உத்தியோகம் பார்த்தது 1981இலிருந்து 1987வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பழவேற்காடு போவேன். ஏரிக்காகப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வது. அறையில் தனியாக இருக்க முடியாததுதான் உண்மையான காரணம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அப்போது ஒரு பத்திரிகை நடத்தினோம். 300 பிரதிகள் அச்சிடுவோம். 150 பிரதிகள் கட்டிலுக்கடியில் இருக்கும். அந்த 300 பிரதிகளின் பலத்தில் தமிழ்நாட்டில் யார் கலைஞன், யார் இல்லை என்பதை மாதாமாதம் – பத்திரிகை வராத மாதங்கள் நீங்கலாக – தீர்மானித்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் இருந்த வசைச்சொற்களில் மிகக் கடுமையானது 'நகல்'. 'போலி' என்றால்கூட ஒருவன் மறுநாள் டீ குடிக்க வருவான். 'நகல்' என்றால் வரமாட்டான்.

அவரை முதலில் பார்த்தது படகுத்துறையில். கரையேற்றி வைத்திருந்த பயணிப் படகு ஒன்றுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. படகு அங்கேயும் போகும், ஆளும் அங்கேயிருந்து வருவார்கள். தெலுங்கு தெரியுமா என்று கேட்டேன்.

"பேச வரும் சார். எழுத்து தெரியாது. மளிகைக் கடைக்காரர் ஒருத்தர் நெல்லூர்க்காரர். அவர்கிட்ட ஒக்காந்து ஆறு மாசம் கத்துக்கினேன்."

பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, அதைப் பார்த்துப் போட்டால் போதாதா என்றேன்.

"படிக்கத் தெரியாத எழுத்த எழுதுனா அது எழுத்து இல்ல சார். கோடு."

பள்ளிக்கூடம் ஒன்றில் கொஞ்ச காலம் டிராயிங் மாஸ்டருக்குப் பதிலாளாக இருந்திருக்கிறார். வேலை போய்விட்டாலும் குப்பத்தில் 'மாஸ்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நானும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அவர் என்னை 'சார்' என்பதை நிறுத்தவேயில்லை. நான் நிறுத்தச் சொன்னதுமில்லை.

படகுக்குப் பெயர், மளிகைக் கடைக்குப் போர்டு, தேர்தல் வந்தால் சுவர். இவை தவிர அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. சென்னையில் கண்ணாடி ஃப்ரேம் போடும் ஒரு கடைக்குக் கையால் வரைந்த படங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் வரவேற்பறை, டாக்டர்களின் காத்திருக்கும் அறை, புதுப் பணக்காரர்களின் ஹால் – அச்சுப் படம் மாட்டினால் கௌரவம் இல்லை, நிஜ ஓவியத்துக்குக் கையில் காசில்லை, அல்லது மனசில்லை. நடுவில் மாஸ்டர் இருந்தார். ரவிவர்மாவின் தமயந்தியும் அன்னமும், ஓடும் குதிரைகள், சூரியாஸ்தமனம். 'வெளிநாட்டுப் படம்' கேட்கிறவர்களுக்கு வான்கோ. ஒரு படத்துக்குக் கடைக்காரர் 60 ரூபாய் கொடுப்பார். துணியும் வண்ணமும் மாஸ்டருடைய செலவு.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் நிறையப் பார்த்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பார். வஜ்ஜிரம் காய்ச்சி ஒரு பூச்சு. காய்ந்ததும் ஜிங்க் ஒயிட் இரண்டு பூச்சு. பிறகு நூலில் சாக்குப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். 'டொக்' என்று ஒரு சத்தம். துணியில் ஒரு நேர்க்கோடு. இப்படிக் குறுக்கும் நெடுக்கும் சுண்டிக் கட்டம். அசல் என்று அவர் வைத்திருக்கும் காலண்டர் தாளிலோ பத்திரிகைத் தாளிலோ பென்சிலால் அதே எண்ணிக்கையில் சின்னக் கட்டம். இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அது அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது. ஒரு கட்டத்தை முடிக்கும்வரை அடுத்ததைப் பார்க்கமாட்டார். சில சமயம் தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு போடுவார். "நேரா வெச்சா படகுன்னு தெரிஞ்சிடுது. படகுன்னு தெரிஞ்சிட்டா நான் நம்ம ஊர்ப் படகைப் போட்டுடுவேன்."

நான் போன முதல் நாள் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தது வான்கோவின் ஸேன்த் மரீ கடற்கரைப் படகுகள். 1888 ஜூன் மாதத்துப் படம். மணலில் நான்கு படகுகள், சிவப்பும் பச்சையும் நீலமுமாக. கடலில் பாய் விரித்த சில படகுகள். மனித நடமாட்டமே இல்லை. மாஸ்டருக்கு இந்தப் படத்தின்மேல் ஒரு குறை. "நாலு படகு கரையில நிக்குது. ஒரு வலை காயலை. ஒரு ஆள் இல்லை. இன்னா சார் ஊரு இது?" ஆனாலும் அவர் போட்டதில் வலை கிடையாது, ஆளும் கிடையாது. பன்னிரண்டு முறை இதைப் போட்டுக் கொடுத்திருந்தார். பன்னிரண்டிலும் கிடையாது.

நான் அவருக்கு விளக்கினேன். விளக்குவது எனக்கு அப்போது மூச்சு விடுவதுபோல. படகுகளைச் சுற்றி அழுத்தமான கோடு ஓடுகிறதே, உள்ளே வண்ணம் நிழல் இல்லாமல் தட்டையாக நிற்கிறதே, இவை ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து அவன் எடுத்துக்கொண்டவை என்றேன். பாரிஸில் இருந்தபோது நூற்றுக்கணக்கில் ஜப்பானியப் படங்களை வாங்கிக் குவித்தான். தெற்கே ஆர்ல் நகரத்துக்குப் போனதே தனக்கான ஒரு ஜப்பானைத் தேடித்தான். ஜப்பானியன் மின்னல் மாதிரி வரைகிறான் என்று தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். மாஸ்டர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இத்தினி நாளா நான் போட்டுக்கினு இருந்தது ஜப்பான் படமா?"

மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்குச் சில மாதங்கள் முன்னால் – அது எரிந்தது 1985இல் – அங்கே ஒரு புத்தகம் வாங்கியிருந்தேன். அட்டை இல்லை, முதல் முப்பது பக்கங்களும் இல்லை. ஆனால் வண்ணத் தகடுகள் அப்படியே இருந்தன. அதில் ஒரு விரிப்பில் இடது பக்கம் ஹிரோஷிகேயின் பாலம், வலது பக்கம் வான்கோவின் பாலம். அடுத்த ஞாயிறு அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதவுவதற்காக அல்ல; ஒரு பாடம் நடத்துவதற்காக. பார்த்துப் போடுவது எப்படி ஒரு கலைஞனிடத்தில் வேறொன்றாக மாறுகிறது என்று காட்டிவிட்டு, நீ எப்போது அப்படி மாறப்போகிறாய் என்று கேட்பதாகத் திட்டம்.

மூன்று வாரம் அவர் எதையும் வரையவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு பக்கங்களையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் போனபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

மழையைப் பாருங்கள் என்றார். ஜப்பான்காரர் மழையைக் கோடாகப் போட்டிருக்கிறார்; கோடுகள் எல்லாம் ஒரே சாய்வு இல்லை, இரண்டு சாய்வு. காற்று நடுவில் மாறினால் மழை அப்படித்தான் விழும். ஐப்பசியில் இங்கே வந்து நின்று பாருங்கள். மற்றவருக்கு அந்தக் கோடு வரவில்லை. மரப்பலகையில் உளியால் இழுக்கும் கோடு தைல வண்ணத்தில் தூரிகைக்கு எப்படி வரும்? அதனால் மழையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டார். ஜப்பான்காரருக்கு ஆறு சும்மா கிடக்கிறது. இவருக்கு ஆறு கொதிக்கிறது. தனக்கு வராத இடத்தை வருகிற இடத்தில் ஈடுகட்டியிருக்கிறார். பாலத்தை மஞ்சளாக்கியது ஏன் தெரியுமா? ஆறு பச்சையாகிப்போனதால்.

இதையெல்லாம் அவர் என் அளவுக்குக்கூடப் படிக்காமல், கட்டம் கட்டமாகப் பார்த்ததிலிருந்து சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார்: "கீழ தெப்பம் தள்றவனைப் பாத்தீங்களா சார்? மேல அத்தினி பேரும் மழைக்கு ஓடறான். இவன் ஓடலை. ஓடவும் முடியாது. கழியைப் போட்டுட்டு எங்க ஓடுவான்?" கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கழி குட்டை. பாலத்துக் காலைப் பாத்தா ஆத்து ஆழம் தெரியுது. அந்த ஆழத்துக்கு அந்தக் கழி தரையைத் தொடாது."

அப்படியானால் நீங்கள் போடும்போது சரி பண்ணிவிடுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "அது அவர் படம் சார். அவருக்குத் தெரிஞ்ச கழி அது. நான் யாரு அதை நீட்டறதுக்கு?"

அடிமைத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இதை வைத்து ஒரு கட்டுரைக்கான முதல் வாக்கியம்கூட யோசித்தேன். நல்லவேளை, எழுதவில்லை.

அந்தப் பாலத்தை அவர் கடைக்காகப் போடவில்லை. எனக்காகப் போட்டார். இருபது நாளாயிற்று. வான்கோவின் பிரதியில் படத்தைச் சுற்றிப் பச்சை ஓரம் ஒன்று உண்டு. ஹிரோஷிகேயின் அச்சில் அது கிடையாது. வான்கோ எடுத்துக்கொண்ட துணி கடையில் விற்கும் வழக்கமான அளவு. ஜப்பானியப் படத்தின் விகிதம் அதற்குப் பொருந்தவில்லை. மீந்துபோன விளிம்பில் வேறு ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து எழுத்துகளைப் பார்த்து நிரப்பிவிட்டான். அவனுக்கு அந்த எழுத்துகளில் ஒன்றும் படிக்கத் தெரியாது. அலங்காரம்.

மாஸ்டர் பச்சை ஓரத்தைப் போட்டார், உள்கோட்டைப் போட்டார், எழுத்தை விட்டுவிட்டார். நாலு பக்கமும் வெறும் பச்சை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுத்து கடினம், கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். படகுத்துறையில் முதல் நாள் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரப் பல வருஷங்கள் ஆயின.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நன்றி சொன்ன கையோடு, நான் என் பழைய கேள்வியைக் கேட்டேன். உங்களுடையது எப்போது? சொந்தமாக ஒன்று எப்போது போடப்போகிறீர்கள்? எத்தனை நாளைக்கு அடுத்தவன் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள்? இன்னும் என்னென்னவோ பேசினேன். சிருஷ்டி என்ற சொல்லைப் பலமுறை பயன்படுத்தியிருப்பேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "பாக்கலாம் சார்" என்றார்.

ஆறு மாதம் கழித்துத் தாழ்வாரத்தில் மூன்று பலகைகள் இருந்தன. துணி இல்லை, பழைய கதவுப் பலகைகள். படகுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட். மூன்றும் ஏரி. ஒன்றில் மேலே வெகு உயரத்தில் தொடுவானம். அதற்குக் கீழே பலகை முழுக்கத் தண்ணீர், சாம்பலும் இளம் பச்சையுமாகத் தட்டையாக. தண்ணீரில் சுத்துவலைக்கு ஊன்றிய கழிகள் வரிசையாக வந்து, பலகையின் விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டு நின்றன. இன்னொன்றில் முன்னால் ஒரு படகின் மூக்கு மட்டும், மிகப் பெரிதாக. தூரத்தில் கோடு கிழித்தாற்போல் பூநாரைகள். மூன்றாவது நினைவில் சரியாக இல்லை. நினைவில் இல்லாததற்குக் காரணம் நான் சரியாகப் பார்க்காததுதான். மூன்றையும் சேர்த்து இரண்டு நிமிஷம் பார்த்திருப்பேன்.

"ஜப்பான்காரன் மாதிரி இருக்கே மாஸ்டர்" என்றேன். "இதுவும் அந்தப் புஸ்தகத்திலிருந்து வந்ததுதான். உயரமான தொடுவானம், விளிம்பில் வெட்டு, முன்னால் பெரிய உருவம் – எல்லாம் ஹிரோஷிகே. நகலைவிட நகலாகத் தெரிகிறது."

அவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தாழ்வாரத்திலிருந்தே தெரியும். "ஏரியே அப்படித்தான் சார் கீது" என்றார்.

நான் சிரித்தேன். சமத்காரமான பதில் என்று நினைத்துச் சிரித்தேன். அதன்பிறகு அவர் படம் வரையவில்லை. பலகைப் படம் மட்டுமல்ல, கடைக்கான படங்களையும் நிறுத்திவிட்டார். கடைக்காரருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம். படகுக்குப் பெயர் எழுதுவது மட்டும் தொடர்ந்தது. 1987இல் எனக்கு மாற்றலாகிவிட்டது.

பழவேற்காடு ஏரி கோடைக் காலையில் எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் முழங்காலளவுக்கும் கொஞ்சம் மேல்தான் தண்ணீர். அலை இல்லை. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது, வானம் எங்கே என்று மூன்று பட்டைகளாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நிழல் விழ அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீரில் நிற்பவை கழிகள். அந்தக் கழிகள் யார் எங்கே, எந்த நாளில் ஊன்றலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 'பாடு' என்று பெயர். ஏரியில் இறால் படும் இடங்களைக் குப்பங்களும், குப்பத்துக்குள் குடும்பங்களும், முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. என் பங்கு நாளில் நீ வலை கட்டக் கூடாது. (இந்தச் சொல்லில் உழைப்பும் துன்பமும் பங்கும் ஒன்றாக இருப்பதை வைத்து நான் அந்தக் காலத்தில் ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை இல்லை.) மாஸ்டர் வரைந்தது தன் சித்தப்பாவின் பாடு. எந்தக் கழி யாருடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது ஹிரோஷிகேயாகத் தெரிந்தது. நான் ஏரியை ஏரியாகப் பார்த்ததே கிடையாது. ஞாயிறுதோறும் படங்களின் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எங்களில் யார் நகல் என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.

பிற்பாடு, ஓய்வு பெற்ற பிறகு, சில விஷயங்களைப் படிக்க நேர்ந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவை என்று தோன்றியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வான்கோவும் கட்டம்தான் போட்டான். கணிகை ஒருத்தியின் படத்தைப் பெரிதாக்க அவன் எடுத்த நகல்தாள் கட்டக் கோடுகளுடன் ஆம்ஸ்டர்டாமில் அவன் பெயரிலான மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் கணிகை எய்ஸென் என்ற ஜப்பானியர் போட்டது. வான்கோ பார்த்தது அசல் அச்சை அல்ல. 1886இல் வந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் மேலட்டையை. மேலட்டையில் படம் இடம்வலம் மாறி அச்சாகியிருந்தது. அவனும் மாறியபடியே போட்டான். ஸேன்த் ரெமி மனநோய் விடுதியில் இருந்தபோது மிய்யேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து பார்த்து வண்ணத்தில் போட்டான், இருபதுக்கு மேல். பாட்டுக்காரன் இன்னொருவரின் சாகித்தியத்தை வாசிப்பதில்லையா, அதைப் போலத்தான் இது என்று தம்பிக்கு எழுதினான். செம்மங்குடி தியாகராஜ கிருதியைப் பாடினார் என்பதற்காக அவரை நகல் என்று எங்கள் பத்திரிகைகூட எழுதியதில்லை.

ஹிரோஷிகேயின் நீலமும் வந்த நீலம்தான். பெர்லினில் பிறந்த வண்ணம், டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்குப் போய்ச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் என்றதும் பழவேற்காட்டுக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1613இல் கெல்ட்ரியா கோட்டையை இங்கே கட்டியவர்கள் அவர்கள்தாம். கோட்டை இன்று மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் எலும்புக்கூடு செதுக்கிய வாயிலோடு நிற்கிறது. மாஸ்டரும் நானும் அந்தக் கல்லறைகளின்மேல் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இந்தக் கரையிலிருந்து துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, அடிமைகளையும் ஏற்றிப் போனார்கள். சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட துணி ஜப்பானுக்குப் போனது. அங்கே அதற்கு 'ஸான்தொமே' என்று பெயர். நம் சாந்தோம்தான். எழுதுபத்தித் துணி 'ஸரஸா' என்ற பெயரில் போனது. தேநீர்ச் சடங்குக்காரர்கள் அதைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துத் தேயிலைக் குப்பிக்கு உறை தைத்தார்கள். பிறகு தாங்களே அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். நம் சாயக்காரர்கள் படிகாரம் கொண்டு துணிக்குள் ஏற்றிய சிவப்பு அவர்களுக்குக் கைவரவில்லை. காகிதத்தை வெட்டி அச்சாக வைத்து மேலே வண்ணம் பூசினார்கள். அப்படி வராமல்போனது ஜப்பானிய ஸரஸா என்ற தனிக் கலையாகிவிட்டது. எடோ நகரத்து அச்சுப் படங்களில் பெண்கள் கோடுபோட்ட ஆடையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது மாஸ்டரின் நூல் சுண்டும் சத்தம் கேட்கிறது. மிகை என்று தோன்றினால் மன்னிக்கவும்.

பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். கல்கத்தாவிலிருந்து வந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். பிற்காலத்தில் ஹைக்கூ எழுதிய நம்மவர்களுக்கும் பெரும்பாலும் அதே வழிதான். அவர்களில் ஒருவரை நான் எங்கள் பத்திரிகையில் ஒரே வரியில் முடித்திருக்கிறேன். அந்த வரி என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பாரதியைப் பற்றி அப்படி எழுத எங்களுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கையால் வரைந்த பிரதி என்ற தொழில் மாஸ்டர் விட்டபிறகும் வேறிடத்தில் நடந்தது. சீனாவில் ஷென்ஜென் நகரத்தை ஒட்டிய தாஃபென் கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து வான்கோவை வரைந்து உலகத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் பல ஆயிரம் வான்கோக்களைப் போட்டபிறகு ஆம்ஸ்டர்டாம் போய் அசலைப் பார்த்ததை ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். அசலின் முன்னால் அந்த மனிதர் நிற்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். மறுபடி ஓட்ட இரண்டு நாளாயிற்று.

இங்கே ஃப்ளெக்ஸ் வந்தது. போர்டு எழுதுகிறவர்கள் போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் ஃபைபர் படகுகள் பெருகின. மாஸ்டர் 2009இல் காலமானார் என்பதே எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்த மூன்று பலகைகளை அடுப்படிக்குத் தடுப்பாக வைத்திருந்தார்களாம். சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த அன்று மற்றவற்றோடு அவையும் போயின.

போன வருஷம் அவருடைய மகன் என் வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர். முகத்துவாரம் மண் மூடிக்கொண்டு, படகு கடலுக்கு இறங்க முடியாமல் கிடந்த மாதம் அது. சென்னையில் ஏதோ மனு கொடுக்க வந்தவர், யாரிடமோ விலாசம் வாங்கிக்கொண்டு தேடி வந்திருந்தார். அப்பா போட்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, உங்களிடம் ஒன்று இருப்பதாக அம்மா சொன்னார்கள், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா அங்கிள் என்றார்.

சுவரிலிருந்து இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். கொடுத்துவிடுகிறேன், எடுத்துப் போங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அவர் போட்டோ எடுத்தார். போனைப் பையில் வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் போட்டுக்கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிவிட்டது. பாலத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அங்கே குப்பத்துக்கும் லைட் ஹவுஸ் பக்கத்துக்கும் இப்போது பாலம் இருக்கிறது. அவர் தாய்மாமன் ஓட்டிய பயணிப் படகு அதனால்தான் நின்றது.

"அங்கிள், இந்தக் கழி குட்டை" என்றார். "தரை தட்டாது. அப்பாவுக்கு இது தெரியாம இருக்காதே?"

"தெரியும்" என்றேன். "சொன்னார்."

"அப்புறம் ஏன் அப்படியே வுட்டாரு?"

அது அவர் படம், அவருக்குத் தெரிந்த கழி அது என்று அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். விரலால் ஓரத்துப் பச்சையைத் தடவிப் பார்த்தார்.

"இது படகு பெயிண்ட்" என்றார். "எங்க படகுக்கு இதான் அடிச்சிருந்தோம்."